அவளும் முஸாஃபிர்தான்

 

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் இல்லங்களில் ஒரு பேச்சு எழும். பிள்ளைகள் தொடங்கி வைப்பார்கள், பெரியவர்கள் தலையசைப்பார்கள். "எங்காவது மலைப் பக்கம் போய் வருவோமே!" திட்டக்குடி வெயிலை அறிந்தவர்கள் இந்த ஆசையைக் குறை கூறமாட்டார்கள். வெள்ளாற்று மணல் நண்பகலில் கால் வைக்க இயலாதபடி கொதிக்கும். வெலிங்டன் ஏரியின் கரையில்கூடக் காற்று அனலாகவே வீசும். அத்தகைய நாட்களில் குளிர்ந்த ஊரொன்றை நாடுவது ஆடம்பரமாகாது. இறைவன் படைத்த பூமியில் சுற்றித் திரிந்து அவனது படைப்பைச் சிந்திக்குமாறும், மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்று நோக்குமாறும் திருமறையே நம்மை அழைக்கிறது.

எங்கே செல்வது? ஊட்டியும் கொடைக்கானலும் பெரிய ஊர்கள். கூட்டமும் செலவும் அதற்கேற்பவே இருக்கும். வாகனங்களின் நெரிசல் தாங்காமல் 2024 மே 7 முதல் அவ்விரு ஊர்களுக்கும் முன்பதிவுச் சீட்டான இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டதை அறிவீர்கள். நம் பகுதியினருக்கு எட்டும் தொலைவில் உள்ள சிறிய மலையூர் ஏற்காடு. சேலத்திற்கு வடக்கே, சேர்வராயன் மலைமீது, ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது. 'ஏழைகளின் ஊட்டி' என்று அதற்கொரு பெயரும் உண்டு. அங்கு செல்வோர் என்னென்ன செய்யலாம் என்பதை இம்மாதம் எழுத எண்ணினேன். எழுத அமர்ந்தபோது முதலில் நினைவிற்கு வந்தது ஏரியும் அன்று, மலையும் அன்று. ஒரு தேக்சாவும் ஓர் அடுப்பும்தான். அதனைச் சொல்லிவிட்டே மற்றவற்றைச் சொல்ல வேண்டும்.

வேகாத சோறு

என் இளமையில் மூன்று குடும்பத்தார் சேர்ந்து ஒரு வேனை அமர்த்திக்கொண்டு ஏற்காட்டிற்குச் சென்றோம். புறப்படுவதற்கு முந்தைய இரவு என் தாயார் உறங்கவில்லை. மசாலா அரைத்தார்கள், இறைச்சியைக் கழுவிப் பதப்படுத்தினார்கள், வழியில் உண்ண ரொட்டி சுட்டார்கள். ஸுப்ஹு தொழுகை முடிந்ததும் அரிசி மூட்டையும் தேக்சாவும் மண்ணெண்ணெய் அடுப்பும் வேனில் ஏறின. மலையில் ஏரிக்கு அருகே ஒரு மரத்தடியில் வண்டி நின்றது. நாங்கள் படகில் ஏறினோம். என் தாயாரும் பெரியம்மாவும் அடுப்பை மூட்டினார்கள்.

திரும்பி வந்தபோது சோறு ஆகவில்லை. நெடுநேரம் காத்திருந்து உண்டபோதும் அரிசியின் நடுப்பகுதி கடினமாகவே இருந்தது. பசியில் நான் சொன்ன சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கிறது: "எத்தனை வருஷமா சோறு ஆக்குறீங்க? இன்னுமா பக்குவம் தெரியல?" என் தாயார் பதில் கூறவில்லை. எஞ்சிய சோற்றை மீண்டும் அடுப்பில் ஏற்றினார்கள். மாலையில் பாத்திரங்களைக் கழுவி முடித்தபோது பனி இறங்கிவிட்டது. வண்டி புறப்பட்டது.

ஊர் திரும்பிய மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஆவலுடன் கேட்டார்: "ஏரி எப்படி இருந்துச்சு?" என் தாயார் சொன்னார்கள்: "தண்ணி எடுக்கப் போனப்போ பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

நான் திண்ணையில் அமர்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று அது என்னைத் தைக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னர் ஓர் அறிவியல் நூலில், உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் நீர் விரைவில் கொதித்துவிடும் என்று படித்தேன். சமவெளியில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், ஏற்காட்டின் உயரத்தில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. நீர் தளதளவென்று கொதிப்பதைக் கண்டு, சோறு வெந்துவிடும் என்று நம்பி இறக்குவோம், வெந்திராது. திறந்த பாத்திரத்தில் எவர் சமைத்தாலும் அங்கே அப்படித்தான் ஆகும். என் தாயாரின் பக்குவத்தில் எக்குறையும் இருக்கவில்லை.

அந்நூலை மூடியபோது என் தாயார் உலகில் இல்லை. இன்னொரு முறை அழைத்துச் சென்று ஏரியைக் காட்டலாம் என்று எண்ணியதுண்டு. நாட்கள் தள்ளிப் போயின. அல்லாஹ் அவர்களின் மண்ணறையை விசாலமாக்கி வைப்பானாக. ஆமீன்.

பாதியாக்கப்பட்ட சுமை

சகோதரர்களே! பயணியின்மீது மார்க்கம் காட்டும் பரிவைச் சற்று எண்ணிப் பாருங்கள். நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிற்று. ரமளானில் நோன்பைப் பிற்படுத்தச் சலுகை தந்தது. காலுறைமீது மஸ்ஹு செய்ய ஊரிலிருப்பவருக்கு ஒரு நாள் என்றால், பயணிக்கு மூன்று நாட்கள் தந்தது. அச்சம் நீங்கிய காலத்திலும் தொழுகையைச் சுருக்க வேண்டுமா என்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, அது இறைவன் அளித்த நன்கொடை என்றும் அதனை ஏற்றுக்கொள்ளுமாறும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாக ஹதீஸில் காண்கிறோம்.

தனக்குரிய வணக்கத்தையே பயணிக்காகப் பாதியாக்கினான் இறைவன். நாமோ, நம்முடன் பயணம் வரும் தாய்க்கும் மனைவிக்கும் வீட்டில் இருந்த வேலையை இரட்டிப்பாக்குகிறோம். வீட்டிலாவது அம்மியும் குழாயும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. மலையில் காற்றுக்கு அடுப்பு அணைகிறது. தண்ணீரைச் சுமக்க வேண்டியிருக்கிறது. தொழுகைச் சலுகையில் ஆணென்றும் பெண்ணென்றும் பிரிவில்லை. அவளும் முஸாஃபிர்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், மலையூரில் செய்ய வேண்டியவை எவை, விட வேண்டியவை எவை என்பது தானே விளங்கும்.

புறப்படும் முன்

முதல் வேலை, சமையல் சாமான்களை வீட்டிலேயே விட்டுச் செல்வது. வழிக்கு ஒருவேளை உணவு போதும். எலுமிச்சைச் சோறு, அவித்த முட்டை, வாழைப்பழம் ஆகியன கெடாதவை. ஆண்களும் பிள்ளைகளும்கூடச் செய்யக்கூடியவை. மற்ற வேளைகளுக்குக் கடைகள் உள்ளன. ஹலாலைப் பேணும் உணவகம் சேலத்தில் தேடினால் கிடைக்கும். மலைமேல் ஐயம் தோன்றினால் சைவ உணவகத்தில் இட்லியும் தயிர்ச்சோறும் உண்டு திருப்தியடையலாம். "செலவாகுமே" என்பீர்கள். வேன் வாடகையையும் தங்கும் அறையின் வாடகையையும் கணக்குப் பார்க்காத நாம், அவளுடைய இரண்டு நாள் ஓய்வின் விலையை மட்டும் ஏன் கணக்குப் பார்க்க வேண்டும்? பணம் குறைவாயின் ஒரு நாளைக் குறையுங்கள், அடுப்பை ஏற்றாதீர்கள்.

இரண்டாவது, காலத்தைத் தேர்வது. மே மாதத்தில் அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சியுடன் கோடை விழா நடைபெறும். மலர்கள் அழகுதான், ஆனால் அந்நாட்களில் அறை கிடைப்பதும் அரிது, அமைதி கிடைப்பதும் அரிது. மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் குளிர் மிகும். காப்பிப் பழம் சிவந்திருக்கும். பங்குனி, சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்து மல்லிகைபோல் மணக்கும். பள்ளி விடுமுறைக்குள்தான் செல்ல முடியும் என்போர் விழா நாட்களைத் தவிர்த்துவிட்டு, வாரத்தின் நடுவில் செல்வது நலம்.

மூன்றாவது, தங்குமிடம். வெந்நீர் உண்டா, பெண்கள் தொழத் தூய்மையான இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டறிக. ஏரிக்கு அருகில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி உண்டு. தனியார் விடுதிகளும் உள்ளன. கம்பளியும் காலுறையும் முதியோருக்கு முதலில் எடுத்து வையுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு பாகைக்குமேல் குறையும் என்பது பொதுவான கணக்கு. சேலத்தில் வியர்த்தவர் ஏற்காட்டில் நடுங்குவது இதனால்தான்.

வழிநெடுக

திட்டக்குடியிலிருந்து செல்வோர் தொழுதூர், வேப்பூர், சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலத்தை அடையலாம். விருத்தாசலத்திலிருந்து சேலத்திற்கு இரயிலும் உண்டு. சேலத்திலிருந்து மலைக்குப் பேருந்தில் செல்லலாம்.

ஆத்தூரைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்றைக் காட்டுங்கள். அங்கே ஓடும் வசிட்ட நதியும், தம்மம்பட்டிப் பக்கமிருந்து வரும் சுவேத நதியும் கூடித்தான் நம் வெள்ளாறு ஆகிறது. தொழுதூர் அணையில் தேங்கி, கால்வாய் வழியே 1923இல் கட்டி முடிக்கப்பட்ட வெலிங்டன் ஏரியை நிரப்புவதும் அந்நீர்தான். பரங்கிப்பேட்டையில் கடலில் கலப்பதும் அந்நீர்தான். சாலையின் இருபுறமும் தெரியும் குன்றுகளில் பெய்யும் மழையே நம் ஊர் வயலில் நெல்லாகிறது. மலைக்குச் செல்வது அந்நிய பூமிக்குச் செல்வதாகாது. நம் தண்ணீரின் தாய்வீட்டுப் பக்கம் சென்று வருவதாகும்.

சேலத்தில் திருமணிமுத்தாற்றின் கரையில் பழைமையான ஜாமிஆ மஸ்ஜித் உள்ளது. திப்பு சுல்தான் தொழுத பள்ளி என்பது அவ்வூரார் வழக்கு. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்கு மாறும்வரை சேலம் மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. லுஹரை அங்கு நிறைவேற்றிவிட்டு மலையேறுவது வசதியானது.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். வெறும் வயிறும் வேண்டா. நிறைந்த வயிறும் வேண்டா. குமட்டல் உள்ளவரை முன்னிருக்கையில் அமர்த்தி, தொலைவைப் பார்த்துவரச் செய்யுங்கள். காது அடைத்தால் மிடறு மிடறாக நீர் அருந்தச் சொல்லுங்கள். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச் சாலையின் விதி. அயோத்தியாபட்டணத்திற்கு அருகிலிருந்து குப்பனூர் வழியாகச் செல்லும் மற்றொரு மலைப்பாதையும் உண்டு. மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்படுவதுண்டாதலால், எப்பாதை திறந்துள்ளது எனக் கேட்டுச் செல்க.

உயரத்தில் ஏறும்போது தக்பீரும், தாழ்வில் இறங்கும்போது தஸ்பீஹும் மொழிவது நபித்தோழர்களின் வழக்கமாயிருந்தது என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பிள்ளைகள் வளைவுகளை எண்ணும் ஆர்வத்தை இதனுடன் இணைத்துவிடுங்கள். ஒவ்வொரு வளைவிலும் 'அல்லாஹு அக்பர்' என்று அவர்கள் மழலையில் ஒலிக்கக் கேட்பதே ஓர் இன்பம்.

வண்டியோட்டியிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். அன்ஜஷா என்னும் இனிய குரலுடையவர் பாடி ஒட்டகங்களை விரைவாக நடத்தியபோது, மேலே பெண்கள் அமர்ந்திருப்பதை எண்ணி, அவர்களைக் கண்ணாடிக் கலங்களுக்கு ஒப்பிட்டு, மெதுவாகச் செலுத்துமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நம் காலத்து ஒட்டகத்தின் விசை வண்டியோட்டியின் காலடியில் இருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

மலைமேல் செய்யத்தக்கவை

பெரும்பாலோர் செய்யும் தவறு, ஒரே நாளில் அனைத்தையும் பார்க்க முயல்வது. வண்டியில் ஏறுவதும் இறங்குவதுமாகவே பொழுது போய்விடும். முழங்கால் வலியுள்ள அம்மாவோ நன்னிமாவோ "நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்" என்று ஒதுங்கிவிடுவார்கள். அச்சொல் எழுந்தால், உங்கள் திட்டம் பிழையென்று அறியுங்கள். முற்பகலுக்கு ஓரிடம், பிற்பகலுக்கு ஓரிடம் போதும்.

முதலாவது ஏரி. ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு எனப் பெயர் வந்தது என்பர். படகில் ஏறும்போது, வாழ்நாளில் படகேறாதவர் எவரோ அவரை முதலில் கைபிடித்து ஏற்றுங்கள். உயிர்காப்பு உடையை அவருக்கு நீங்களே அணிவியுங்கள். அருகிலேயே அண்ணா பூங்கா இருப்பதால் முதியோர் நெடுந்தொலைவு நடக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, 'லேடீஸ் சீட்' எனப்படும் பாறை முனை. இயற்கையாக அமைந்த இருக்கைபோல் பாறைகள் உள்ளன. கீழே வளைந்து செல்லும் மலைச்சாலையும் சேலம் மாநகரும் தெரியும். மாலையில் செல்லுங்கள். பொழுது சாயச்சாய நகரில் ஒவ்வொன்றாக விளக்குகள் ஏற்றப்படும் காட்சி நெஞ்சில் நிற்பது. பெண்ணின் பெயரால் அமைந்த அந்த இருக்கையில், பையையும் குழந்தையையும் நீங்கள் வாங்கிக்கொண்டு, உங்கள் இல்லத்தரசியைக் கால் மணி நேரம் சும்மா அமரவிடுங்கள்.

மூன்றாவது, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்கிட் தோட்டம். 1963இல் தொடங்கப்பட்டது. மரக்கிளைகளைப் பற்றி வாழ்ந்தும் அவற்றின் சாற்றை உறிஞ்சாமல் காற்றின் ஈரத்தாலும் மழையாலும் வளரும் ஆர்கிட் செடிகள் அங்கே பேணப்படுகின்றன. குடுவை போன்ற உறுப்பால் பூச்சியைப் பிடித்து உண்ணும் செடியும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் காண வேண்டிய இடம். அரசு நிறுவனமாதலால் வேலை நாளையும் நேரத்தையும் விசாரித்துச் செல்க.

நான்காவது, கிளியூர் அருவி. ஏரியில் நிரம்பி வழியும் நீரே சுமார் 300 அடி உயரத்திலிருந்து வீழ்கிறது. மழைக்குப் பின் சென்றால் அருவி. கோடையில் சென்றால் வெறும் பாறை. கீழே செல்லப் படிகள் பல இறங்க வேண்டும், முதியோருக்கு ஏற்றதன்று. இளைஞர்கள் செல்லும்போது பெரியவர்களுடன் ஒருவர் தங்கட்டும். அந்த ஒருவர் ஆணாக இருக்கட்டும்.

ஐந்தாவது, காப்பித் தோட்டத்தின் ஓரமாக ஒரு நடை. ஏற்காட்டிற்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை. ஆனால் காப்பியின் வரலாறு அதற்கும் நெடியது. பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்தில் உறக்கம் வராதிருக்க அருந்திய 'கஹ்வா'தான் உலகெங்கும் காப்பியாயிற்று. யமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து கன்னட நாட்டுச் சிக்மகளூர் மலையில் ஊன்றியவர் பாபா புதன் என்னும் இறைநேசர் என்பது செவிவழி வரலாறு. அம்மலைத்தொடர் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பியும், அம்மரங்களின்மீதே படர்ந்த மிளகுக் கொடியும் நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தோட்டங்கள் பெரும்பாலும் தனியாருடையவை. அனுமதியின்றி உள்ளே செல்வதும் ஒரு பழத்தைப் பறிப்பதும் நமக்கு ஆகா.

மலையின் உச்சியில் சேர்வராயன் கோயில் உள்ளது. மலையாளி என்னும் பழங்குடி மக்களின் வழிபாட்டிடம் அது. பெயர் மலையாளியாயினும் அவர்கள் பேசுவது தமிழே. அவர்களுடைய ஊர்களைக் கடக்கும்போது வீடுகளையும் பெண்களையும் கேட்காமல் படமெடுப்பதைத் தவிர்ப்போம். நம் இல்லத்தாரை அந்நியர் படமெடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசுவதும் ஒலிபெருக்கியை அலறவிடுவதும் கூடா. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 2019 ஜனவரி 1 முதல் தமிழகமெங்கும் தடை செய்யப்பட்டவை. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று. அத்தொல்லையை நாமே போட்டுவிட்டு வரலாமா?

தொழுகை

திட்டக்குடியிலிருந்து ஏற்காடு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய தொலைவு. ஹனஃபீ மத்ஹபில் 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் செல்ல நாடி ஊர் எல்லையைக் கடந்தவர் முஸாஃபிர் ஆவார். ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கும் இதற்கு அண்மையதே. லுஹர், அஸர், இஷா ஆகியவற்றின் நான்கு ரக்அத்கள் இரண்டாகும். ஃபஜ்ரும் மஃக்ரிபும் மாறா. ஹனஃபீகளுக்குச் சுருக்கித் தொழுவது கடமை, ஷாஃபிஈகளுக்கு அனுமதி. லுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் 'ஜம்உ' ஷாஃபிஈகளுக்குப் பயணத்தில் உண்டு. ஹனஃபீகளுக்கு ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டுமே. ஊர்ப் பள்ளிவாசலில் உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் அவருடன் முழுமையாகவே தொழ வேண்டும். உள்ளூர் வழக்கம் குறித்து ஐயமிருப்பின் உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுச் செல்க.

பனி மூடினால் ஞாயிறு தெரியாது, திசை குழம்பும். திசைகாட்டி ஒன்றை உடன் வைத்திருங்கள். நம் பகுதியில் கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. அதிகாலை உளூவுக்கு வெந்நீரை யார் ஏற்பாடு செய்வது? இதற்கும் அவளை எழுப்ப வேண்டா. நீங்கள் எழுந்து நீரைச் சுடவைத்து, பின்னர் அனைவரையும் எழுப்புங்கள். வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபடுவதும், தொழுகை நேரம் வந்ததும் தொழச் செல்வதும் நபிகளாரின் வழக்கமாயிருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். அதைச் செய்வதில் நமக்கென்ன இழுக்கு?

ஒரு நடை, ஒரு சிரிப்பு

இன்னொன்றும் சொல்வேன். ஒரு பயணத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். அன்னையார் வென்றார்கள். பிறிதொரு காலத்தில் மீண்டும் ஓடியபோது பெருமானார் வென்று, இது அதற்கு ஈடு என்று புன்னகைத்தார்கள். உம்மத்தின் பெருஞ்சுமையைத் தாங்கிய தலைவருக்குப் பயணத்தில் மனைவியுடன் ஓடி மகிழ நேரம் இருந்தது. நமக்கு, மலைப்பாதையில் பத்து நிமிடம் சேர்ந்து நடக்க நேரம் இல்லையா? பிள்ளைகளை மூத்தவர் ஒருவர் பொறுப்பில் விட்டு, காலையில் ஏரியைச் சுற்றியுள்ள சாலையில் நீங்கள் இருவரும் ஒருமுறை நடந்து வாருங்கள். குடும்பக் கணக்கும் சம்பந்திச் சண்டையும் அங்கே வேண்டா.

திரும்பும்போது

பயணம் உணவையும் உறக்கத்தையும் குலைப்பது. நோக்கம் நிறைவேறியதும் இல்லத்தாரிடம் விரைந்து திரும்புவதே நன்று என்பது நபிமொழியின் கருத்து. இரண்டு இரவுகள் போதும். இறங்கும் நாளில் வீட்டை அடைந்ததும் நாம் கேட்கும் முதற்கேள்வி, "என்ன இருக்கு சாப்பிட?" என்பது. அக்கேள்வியை அன்று கேட்காதீர்கள். வழியில் ஆத்தூரிலோ சின்னசேலத்திலோ இரவு உணவை முடித்துக்கொள்ளுங்கள். அழுக்குத் துணி மூட்டையை மறுநாளுக்குத் தள்ளி வையுங்கள். இயன்றால் நீங்களும் ஒரு கை கொடுங்கள்.

என் தாயார் மறைந்தபின் நான் மூன்று முறை ஏற்காட்டிற்குச் சென்றிருக்கிறேன். அடுப்பை ஏற்றியதில்லை. சென்ற முறை என் மனைவி படகில் அமர்ந்து, நீரில் கைவிட்டு அளைந்தவாறே நெடுநேரம் பேசாதிருந்தார். குளிர்கிறதா என்று கேட்டேன். "இல்லை, சும்மா இருக்கேன்" என்றார். நான் கரையில் இருந்த மரங்களைப் பார்த்தேன். எந்த மரத்தடியில் அன்று அடுப்பு எரிந்தது என்று இனம் காண முடியவில்லை. இறைவனிடம் மன்னிப்புக் கோருவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

உங்களுக்கு வழி இருக்கிறது. உங்கள் தாய் உயிருடன் இருந்தால், இக்கோடையிலேயே அழைத்துச் செல்லுங்கள். வெறுங்கையுடன் வரச் சொல்லுங்கள். திரும்பி வந்தபின் பக்கத்து வீட்டார் "ஏரி எப்படி இருந்துச்சு?" என்று கேட்கும்போது அவர்களுக்குச் சொல்வதற்கு நிறைய இருக்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானதாகவும், நம் பெற்றோருக்கு மகிழ்வு தருவதாகவும் ஆக்கியருள்வானாக. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.